இஸ்திரி மேஜையில் ஒரு பக்கக் குரல்

மார்ச் 3, ஞாயிறு

இஸ்திரிப் பெட்டி சூடேறுவதற்குள் மகள் வீடியோவில் வந்துவிட்டாள். சரக்குக் கப்பலில் வேலை உறுதியாகிவிட்டதாம். என்ஜின் அறையில் இளநிலைப் பொறியாளர். அடுத்த மாதம் ஏழாம் தேதி கிளம்பினால் திரும்பி வர ஆறு மாதம். நடுக்கடலில் நெட் சரியாக வராது, எழுதி அனுப்பலாம், பேச முடியாது என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வாண்டு கப்பலில் போகிறது! கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மாலையில்தான் உறைத்தது: ஆறு மாதம் அந்தக் குரல் இல்லாமல் நான் என்ன செய்வேன்?

மார்ச் 5

வழி கிடைத்துவிட்டது. இவருடைய பழைய போன் அலமாரியில் சும்மாதானே தூங்குகிறது? அதை ரெக்கார்டரில் போட்டு இஸ்திரி மேஜைமேல் வைத்துவிடுவது. என் போனில் வழக்கம்போல அவளோடு பேசுவது. அவ்வளவுதான். கப்பல் போனபிறகு தினம் ஒன்றாகப் போட்டுக் கேட்கலாம்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மேடையில் பேசுகிற மாதிரி பேசுவாள். சொல்லாமல் பதிவு செய்வது சரியில்லை என்கிறார் இவர். இவருக்கு எதுதான் சரி?

மார்ச் 6

முதல் பதிவு. சிவப்புப் புள்ளி மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 22

தினமும் சேர்கிறது. இன்னும் ஒன்றையும் கேட்கவில்லை. இப்போதே கேட்டால் அப்புறம் என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 5, வெள்ளி

கை துறுதுறுத்தது. போட்டுக் கேட்டேன்.

நான். நான் மட்டும். "சாப்டியா? என்ன சாப்ட? சரி. அப்புறம்? காதுல விழுதா?" நடுவில் இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற ஆவி. மறுபடி நான். எல்லாவற்றிலும் இதே கதை. அவளுடைய சொல் ஒன்றுகூட இல்லை.

பேசுவது வாடிக்கையாளர்கள் காதில் விழக்கூடாதென்று ஹெட்போன் மாட்டிக்கொண்டது யாரு? நான்தானே? அவ பேசினதெல்லாம் என் காதுக்குள்ளயே நின்னுபோச்சு. மேஜைல கிடக்கிற போனுக்கு எப்படிக் கேக்கும்? இது ஏன் எனக்குத் தோணல? ஒரு மாசம் பூரா வீண்.

கண் கலங்கிவிட்டது. இவர் வந்து வாங்கிக் கேட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். "இத ரெக்கார்டு வேற பண்ணணுமா? எனக்குத்தான் நேர்லயே தினமும் கிடைக்குதே."

இவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அரை மணிகூடத் தாங்கவில்லை.

நாளைக்குத்தான் கடைசிப் பேச்சு. அதை விடக்கூடாது.

ஏப்ரல் 6

ஹெட்போனைக் கழற்றி இழுப்பறையில் வைத்தேன். ஸ்பீக்கரைப் போட்டேன். பழைய போனைப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். இன்று முழுக்க அவள் குரல்தான் வேண்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

பெட்டி கட்டியதைச் சொன்னாள், புது ஷூ கடிப்பதைச் சொன்னாள், அப்படியே நிறுத்தினாள். முகம் மாறிவிட்டது.

"அம்மா, உடம்பு சரியில்லையா? ஏன் ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்க? அப்பா எங்க?"

பயந்தே போய்விட்டாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பழைய போன், ஹெட்போன், ஒரு மாதத்துக் கூத்து, எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "முன்னாடியே கேட்டிருந்தா நானே பேசி அனுப்பியிருப்பேனே" என்று கொஞ்சம் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வாத்தியார் உள்ளே வந்து தன் கோட்டு தயாரா என்று கேட்டார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

"அந்தப் பழசெல்லாம் எனக்கு அனுப்பும்மா" என்றாள்.

"அதுல உன் பேச்சே இல்லடி."

"என் பேச்சு எனக்கெதுக்கு?"

 

ஏப்ரல் 7

கிளம்பிவிட்டாள். அனுப்பவேண்டியதை நேற்றே அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 19

கடைசிப் பதிவைப் போட்டுக்கொண்டே இஸ்திரி போடுகிறேன். பாதி அவள் சிரிப்பு, மீதி வாத்தியாரின் கோட்டு. எனக்குப் போதும்.

மே 2

கப்பலிலிருந்து எழுதியிருக்கிறாள். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"வேலை முடிஞ்சு வந்து தினமும் ஒன்னு போட்டுக் கேக்கறேன். காதுல விழுதான்னு கேட்டே. விழுதும்மான்னு சத்தமா சொன்னேன். பக்கத்து ரூம் சமையல்காரர் கதவைத் தட்டி, லைன்ல அம்மாவா, நானும் கேட்டதா சொல்லுன்னார். ஒரே ஒரு குறைதான். நான் பதில் சொல்றதுக்குள்ள நீ அடுத்த கேள்விக்குப் போயிடற."

மே 3

காலையில் கடை திறந்ததும் பழைய போனை மேஜைமேல் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. வாத்தியார் கோட்டில் மை கொட்டிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

உள்ளேயிருந்து இவர், "ஆச்சு, ஆச்சு" என்றார்.

அழிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.