காத்திருப்புப் பட்டியல்

அம்மிணி,

நீ விண்ணப்பித்த ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. தியரிட்டிக்கல் பிசிக்ஸில் இரண்டு வருட ஆராய்ச்சி, ஒரே ஓர் இடம், அதுவும் உனக்கு. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மெயில் வந்தது.

இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். பத்து நாளாக அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் எந்த மெஷின் நின்றாலும் ஓட்டிவிடுகிற எனக்கு, இந்த ஒரு பட்டனை அமுக்க முடியவில்லை.

போன வருடம் நீ காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள். இடம் கிடைத்தவன் கடைசிவரை பதிலே போடவில்லை. அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. "ஏனுங்க, வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு அவன் வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாய். நானும் சேர்ந்து திட்டினேன். அவன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

இதை எழுதுவதைப் பாதியில் நிறுத்தி, நாலே முக்காலுக்கு 'வேண்டாம்' என்பதை அமுக்கினேன். காரணம் கேட்டது. கொடுத்திருந்த காரணங்களில் உன்னுடையது இல்லை. 'வேறு வேலை கிடைத்துவிட்டது' என்று போட்டேன்.

உனக்கு அடுத்து நிற்கிற புள்ளை நம்மைத் திட்டமாட்டாள். இனி உன் பெயருக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை.

உன்
'ஏனுங்க'