பச்சை நோட்டில் ஒரு வட்டம்

மார்ச் 7, சனி
தத்தெடுப்புப் பயிற்சியில் மூன்றாம் வகுப்பு. ஆறு ஜோடிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், நின்று நின்று சுற்றும் மின்விசிறி. பயிற்சி தரும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. கையில் எப்போதும் ஒரு பச்சை நோட்டு. எங்கள் வீட்டில் அவள் பெயரே பச்சை நோட்டுதான். நான் வாயைத் திறந்தால் போதும், எழுதுகிறாள். பக்கத்து ஜோடி பேசியபோது எழுதவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் 9, திங்கள்
"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்கிறார் கணவர். பதினாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். சந்தேகப்படத்தானே சம்பளம் தருகிறார்கள்.

மார்ச் 14, சனி
போச்சு. எல்லாம் போச்சு.

"வர்ற குழந்தையை எப்படிப் பாத்துப்பீங்க?" என்று கேட்டாள். "சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துப்போம்" என்றேன். ஊரே சொல்கிற வார்த்தைதானே! பச்சை நோட்டு எழுதினாள். எழுதிவிட்டு ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும் — 'மாதிரி'. வட்டம் போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, "நீங்களாவது பேசித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று இவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், இவர் என்ன செய்வார்? எட்டு வருடம் காத்திருந்தோம். ஒரு வார்த்தையிலா கவிழ்வோம்?

மார்ச் 17, செவ்வாய்
தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து நேற்றே இவருக்கு போன் வந்திருக்கிறது. மறைத்துவிட்டார். ஏன்? துருவியதும், "அடுத்த மாசம் வீடு பாக்க வராங்களாம். சொன்னா நீ தூங்கமாட்டே" என்கிறார். நம்புவதா?

ஏப்ரல் 11, சனி
பச்சை நோட்டு வந்தாள். ஜன்னல் கம்பி, மருந்து அலமாரி, மாடிப்படி எல்லாம் பார்த்தாள். எழுதினாள். பொறுக்க முடியவில்லை. "அன்னைக்கு எதுக்கு வட்டம் போட்டீங்க?" என்று கேட்டே விட்டேன். இவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள். வட்டத்துக்குக் கீழே: 'இது குழந்தையின் காதில் விழும். இவர்களிடம் பேச வேண்டும்.'

"எல்லாரும் சொல்றதுதான். ஆனா ஒரு மாசமா இதையே மனசுல வச்சிருந்தது நீங்க மட்டும்தான்" என்றாள். பாராட்டா, குத்தலா? தெரியவில்லை.

ஜூன் 2, செவ்வாய்
ஏழு வயதுப் பெண். போட்டோவில் முறைக்கிறாள். "ஒரு வீட்டுலேந்து திரும்பி வந்தவ. லேசுல யாரையும் நம்பமாட்டா" என்றாள் பச்சை நோட்டு.

"அப்படியே உன் ஜாடை" என்றார் இவர். அழுதுவிட்டேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு
குழந்தை வந்து பதினோரு நாள். தலையணைக்கு அடியில் பிஸ்கட். கட்டிலுக்கு அடியில் செருப்பு, தயாராக. நான் கதவைப் பூட்டினால், வந்து ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.

இன்று மத்தியானம் இந்த டைரி நோட்டில் எழுத உட்கார்ந்தேன். எதிரே வந்து நின்றாள்.

"என்னைப் பத்தியா எழுதுறீங்க?"

"ஆமா."

"அந்த வீட்டு ஆன்ட்டியும் எழுதினாங்க. அப்புறம்தான் அனுப்பிட்டாங்க."

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பக்கங்களைப் புரட்டி, எழுத்துக்கூட்டிப் படித்து, மார்ச் 14-இல் நின்றாள்.

"சொந்தப் பிள்ளை மாதிரின்னா?"

"அந்த 'மாதிரி'ங்கிற வார்த்தை தப்பு. எனக்கு அப்போ தெரியல. நீயே அடிச்சிடு" என்று சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன்.

அடிக்கவில்லை. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"பாக்கலாம்" என்றாள்.

பேனாவைத் திருப்பித் தரவில்லை. இதைப் பென்சிலில்தான் எழுதுகிறேன்.