கருவாட்டுச் சங்கத்தின் தீர்மானம்

துபாய் கராமா, ஞாயிறு

என் கோபக்காரிக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால், என்னோடு வேலை பார்க்கும் ஆல்டோ லீவில் ஊருக்கு வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் சண்டையைப் பற்றி எழுதவில்லை. இது உகாண்டா விஷயம்.

என் ரூமில் ஒக்கெல்லோ என்று ஓர் உகாண்டாக்காரன் இருக்கிறான். அவன் ஊர் ஏரிக்கரையில் பெண்களே சங்கம் சேர்ந்து, பரண் கட்டி, கருவாடு காயவைத்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். மழை வந்தால் புழு வைத்துவிடுகிறதாம். "பாய், நீ கடற்கரைக்காரன்தானே, சொல்லு" என்று சங்கத்தோடு வீடியோ காலில் இருந்த போனை நீட்டினான். நானும் உப்பைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தேன்.

சங்கத் தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுல மீனுக்கு உப்பு போடுறது யாரு?" என்றார்.

"என் பெண்டாட்டி."

"அப்போ அவங்க பேசட்டும்."

நீ பேசமாட்டாய் என்றேன். காரணம் கேட்டார்கள். உன் அண்ணன் முன்னால் நான் உன்னை "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒக்கெல்லோ மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஏரிக்கரையே சிரித்தது.

அங்கே மழை நெருங்கிவிட்டது. மீனுக்காகவாவது பிளாக்கை எடு. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நீதான் பேசப் போகிறாய். எனக்குப் போன் பிடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தச் சங்கத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. போனுக்குள் எல்லாக் கைகளும் உயர்ந்தன. இங்கே ஒக்கெல்லோவும் தூக்கினான். ஒருமனதாக நிறைவேறியது என்றார் தலைவி.

ஆமாம், நானும் தூக்கினேன்.

இப்படிக்கு,
போன் பிடிக்கக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்