வெறுஞ்சோறு

ஜூன் 9, திங்கள்

சாரல். மலை தெரியவில்லை. கருக்கலில் அடுப்பு, விடியும்போது முந்தல் ரோட்டோரம் மேசை. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகள் எல்லாம் இந்த வழிதான். பொட்டலத்தில் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், ஊறுகாய். ஆண்கள் சிலர் வாங்கினார்கள். பெண்கள் ஜீப்பில் இருந்தபடியே கையசைத்தார்கள். நான் என்ன கலெக்டரா, கையசைக்க?

எட்டு வருடம் அதே ஜீப்பில் போனவள். போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. "இனி இதுல ஏற மாட்டேன். நீங்க கூடக் கொஞ்சம் தூங்குங்க, மத்தியானச் சோத்த நான் கட்டித் தாறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முதல் வாரம் வாங்கவும் செய்தார்கள். இப்போது ஒருத்தியும் இல்லை.

பாதிக்கு மேல் மிச்சம். அக்கம்பக்கம் கொடுத்தது போக ராத்திரிக்கும் அதே சாம்பார். மகள் தட்டைப் பார்த்துவிட்டு, "நாளைக்காவது நல்லா வித்துரும்மா. தோசை திங்கணும் போல இருக்கு."

வாங்க: புளி, இலை, ரப்பர் பேண்டு.

ஜூன் 10, செவ்வாய்

வியாபாரம் நேற்று மாதிரியே. மேசையை வீட்டில் போட்டுவிட்டு பஸ்சில் தேனி. தொழில் தொடங்குவோருக்கான பயிற்சி. இதற்குப் போனால்தான் மானியக் கடன் கேட்க முடியும். காலை முழுக்க லோகோ வரையச் சொன்னார்கள். நான் ஒரு தூக்குவாளி வரைந்தேன். பக்கத்தில் இருந்தவள் "உண்டியலாக்கா?" என்றாள்.

மதியம் மதிப்புக் கூட்டல். ஏலக்காயை அப்படியே விற்காதே, பொடியாக்கு, டப்பாவில் போடு. சரி. சோற்றுப் பொட்டலத்தில் எதைக் கூட்ட? முட்டை வைத்துப் பார்க்கலாம்.

அங்கே போட்ட சாம்பாருக்கு என் சாம்பார் எவ்வளவோ மேல்.

ஜூன் 11, புதன்

முட்டை வைத்தேன். ஆண்கள் கூடுதலாக வாங்கினார்கள். பெண்களிடமிருந்து அதே கையசைப்பு. ஜீப்பில் முக்கால்வாசி அவர்கள்தானே.

கடன் கேட்கப் பாங்குக்குப் போனேன். மேடம் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"கடை எங்கம்மா இருக்கு?"

"கடை இல்ல மேடம். ஜீப்பு நிக்கிற எடத்துல."

"ஜீப்பு போனப்புறம்?"

"வீட்டுக்குப் போயிருவேன்."

"அப்ப நாங்க வந்து பாத்தா அங்க என்னம்மா இருக்கும்?"

ரோடு இருக்கும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நல்ல மனுஷி. அதுதான் எரிச்சலே, திட்டக்கூட முடியவில்லை. ஒரு நிரந்தர இடம் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

பாண்டியம்மாவிடம் நேராகவே கேட்டேன். எட்டு வருடமும் ஜீப்பில் எனக்குப் பக்கத்து இடம் அவள். ஏன் வாங்குவதில்லை?

"வயிறு சரியில்லக்கா."

இன்னொரு முறை கேட்டதற்கு என்னை விட்டுவிட்டு டிரைவரைப் பார்த்து, "வெரசா எடு, நேரமாச்சு" என்கிறாள். ஜீப்பு முழுக்க ஒரே நேரத்தில் வயிறு சரியில்லையோ? சோற்றில் சோடா உப்பு போடுகிறேன் என்று எவளாவது கிளப்பிவிட்டிருப்பாளோ? நாள் முழுக்க இதே யோசனை.

சாயங்காலம் தோட்டத்துக் கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் என் இடம் எனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவாராம்.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. ஜீப்புகள் படுதாவை இறக்கிவிட்டு நிற்காமலே போயின. மொத்தமும் மிச்சம்.

வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து, சாப்பிட்டுக்கொண்டே, "பேசாம ஜீப்புலயே போயிருக்கலாம்ல." பேசாமல் சாப்பிட்டிருக்கலாம் இவர். பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

ஜூன் 14, சனி

சமைக்கவில்லை. மலைக்குப் போடும் பழைய சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துப் போட்டேன். காயவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மலையில் லீவு. பாண்டியம்மா வீட்டுக்கே வந்தாள். கொடியில் சட்டையைப் பார்த்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"சமையலக் குத்தம் சொல்லலக்கா. அங்கன மத்தியானம் எப்படித் திம்போம்னு ஒனக்குத் தெரியாதா? வட்டமா உக்காந்து, எவ எவ என்ன கொண்டாந்தாளோ மாத்திக்கிருவோம். ஒம் பொட்டலத்தப் பிரிச்சா எல்லாத்துக்கும் ஒரே சாம்பாரு. எத எடுத்து எவளுக்கு வைக்க? பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனோம்."

அவளே தொடர்ந்தாள்.

"முருகாயி வெறுஞ்சோறுதான கொண்டாருவா. ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்துவோம். நீ தர்ற சாம்பாரு ஒருத்திக்கே பத்தாது, அவளுக்கு எங்கிட்டு ஊத்த? ரெண்டு நாளு செடிக்குப் பின்னால தனியாப் போயி உக்காந்துக்கிட்டா. அதான் எல்லாரும் நிறுத்திட்டோம். ஒங்கிட்ட சொல்லச் சங்கடமா இருந்துச்சு."

இவர் கால் முறிந்து வீட்டில் கிடந்த வருடம் நானும் வெறுஞ்சோறுதான் கொண்டு போனேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. தூக்கைத் திறந்து வைத்தால் போதும், நாலு வகைக் குழம்பு வந்து விழும். எப்படி மறந்தேன்? அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

"அப்ப நான் என்னத்தடி விக்க?"

"சோத்த மட்டும் வடிச்சுக் குடு. கொழம்பு ராத்திரியே வச்சிருவோம். அரிசி வேகத்தான கருக்கல்ல எந்திரிக்கோம்."

பயிற்சியில் கூட்டச் சொன்னார்கள். இவள் கழிக்கச் சொல்கிறாள். வெறுஞ்சோற்றில் என்ன மிஞ்சும்? பாங்கு மேடத்திடம் இதை எப்படிச் சொல்ல? இவரிடம் எப்படிச் சொல்ல? ஆனால் நாளைக்கு மலைக்குப் போகவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மழை இல்லை. காற்று. பெரிய அண்டாவில் வடித்து, பாயில் துணி விரித்து ஆறவைத்து எடுத்துப் போனேன். ஜீப்புக்குள்ளிருந்து தூக்குகள் மேல் தூக்குகள். கை போதவில்லை. டிரைவர், "ஏக்கா, இது ஜீப்பா, அன்னதான மடமா? வெரசா விடுக்கா."

பாண்டியம்மா உள்ளிருந்து, "செத்த நில்லு மாப்ளே. சோறு வாங்காம மேல போயி என்னத்தத் திங்க?"

அண்டா காலி. அரிசியும் கேஸ் செலவும் போக மிஞ்சியது டீக்குத்தான் காணும். முன்னால் வாங்கிய ஆண்கள் குழம்பு இல்லை என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

பாண்டியம்மா ஜீப்புதான் கடைசி. அதில் என் இடத்தில் ஒரு புதுப்பெண். கங்காணி சொன்னபடியே செய்துவிட்டார். இனி நினைத்தாலும் ஏற முடியாது. அவள் புதுத்தூக்கை நீட்டினாள், இன்னும் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. சோற்றைப் போட்டேன். அடியில் ஏதாவது இருக்கிறதா என்று அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"கொழம்பு இல்லையாக்கா?"

"மேல போ ஆத்தா. மத்தியானம் தன்னால வரும்."

ஜீப்பு செக்போஸ்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவளிடம் காசு வாங்கவில்லை.