ஹேண்டில் சுற்றியவள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வியாழன் இரவு

அன்புள்ள தேசராணி அவர்களுக்கு,

வணக்கம். இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். விடிந்தால் உங்கள் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். அதோடு இந்தக் கடிதத்தையும் அனுப்பினால்தான் உண்டு. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பர் அவர் போனில் இருக்கிறது, என்னிடம் இல்லை. அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆனந்தகுமாரின் மனைவி. நாம் பார்த்துக்கொண்டதில்லை என்றாலும் உங்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் பெண் என்பது தெரியும். லேத்தில் உங்கள் துப்பட்டா சிக்கியபோது இவர்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார் என்பது தெரியும். உங்கள் அப்பா போன பிறகும் படகை விற்காமல் நீங்களே ஆள் வைத்துக் கடலுக்கு அனுப்புகிறீர்கள் என்பதும் தெரியும். எல்லாம் அவர் சொன்னதுதான். நான் எம்.எஸ்சி. கணிதம். எந்தக் கல்லூரி என்று அவரைக் கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. உங்களை அவர் ராணி என்கிறார். என்னைக் கூப்பிடுவதற்கு 'இந்தாம்மா' போதும்.

பாலாற்றில் வெள்ளம் வந்த அன்று செவிலிமேட்டுப் பாலத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தண்ணீர்தான் முகத்துவாரத்துக்கு வந்து உங்கள் படகைக் கவிழ்த்தது என்பது உங்கள் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. போட்ட சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவர் வண்டி பிடிக்க ஓடினார்.

முசரவாக்கத்தில் அவருடைய பட்டறை வாசலில் வெள்ளத்தில் மூழ்கிய பம்புசெட் எஞ்சின்கள் சேற்றோடு வரிசையாகக் கிடந்தன. உங்களுடையது மட்டும் நேராக வீட்டுக்கு வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது உப்புத் தண்ணிமா, வேற மாதிரி பாக்கணும்" என்றார். இருக்கலாம்.

எங்கள் பின்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற சிமென்ட் தொட்டி ஒன்று உண்டு. அதைத் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீரை நிரப்பி, எஞ்சினை முழுக்க உள்ளே இறக்கினார். நல்ல தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, காற்றுப் பட்டால்தான் துரு ஏறும், கையில் இருக்கிற வேலை முடிந்து பிரிக்க நேரம் கிடைக்கும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் கவிச்சி தறி வரைக்கும் வந்தது. பட்டு அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளுமோ என்று நூலையெல்லாம் முன்கட்டுக்கு மாற்றினோம். பாப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்ல அவருக்குப் போன் போட்டேன், பிஸி. யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

என் மாமனார் பஞ்சாட்சரம் தறிக்காரர். உங்கள் மேல் அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது, உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "வெள்ளத்துல நனைஞ்சதை எடுத்துக்கினு வந்து திரும்பவும் தண்ணியிலேயே ஊற வெக்கிறான். இன்னா படிப்பு படிச்சானோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் தறியில் ஏற்றும் பாவு நூல் நனைந்துவிட்டால் உடனே துணியால் ஒற்றியெடுத்து, நிழலில் காற்றாட விரித்துவிடுவோம். நல்ல பட்டைக் காப்பாற்ற அதுதான் வழி. இரும்புக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டார். மகன் பட்டறையிலேயே தங்கிய நாள் பார்த்து, பக்கத்துத் தறிக்காரர்களை அழைத்து எஞ்சினை வெளியே தூக்கிவைத்து, துணியால் ஒற்றி, டேபிள் ஃபேனும் போட்டுவிட்டார். நான் பாப்பாவோடு டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

மறுநாள் காலையில் எஞ்சின் முழுக்கச் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியதுபோல் துரு. சக்கரத்தைத் திருப்பினால் அசையவில்லை. உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மாமா அதற்கும், "இன்னும் ஈரம் இருக்குதுபா" என்று ஃபேனைக் கிட்டே நகர்த்தினார். பட்டறையிலிருந்து வந்த இவர் ஃபேனை அணைத்தார். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலை ஊற்றிவிட்டு, பட்டறை வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் துருவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அடுத்ததாகப் பயம் வந்தது. இது போனால் உங்களுக்கு வேறு எஞ்சின் வேண்டும். அதைப் பார்த்து வாங்க ஒரு நடை, பொருத்த ஒரு நடை, ஓட்டிப் பார்க்க ஒரு நடை என்று இவர் அங்கேயே கிடப்பார். இது ஓடினால் பேச்சு இதோடு முடியும். அதனால்தான் நான் அதில் கை வைத்தேன், உங்களுக்காக இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு அவர் போனில் சொன்னதையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டவள் நான்தானே. டீசல் ஊற வேண்டும், சக்கரத்தை முன்னும் பின்னும் துளித்துளியாக ஆட்ட வேண்டும், அவசரப்பட்டு இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாப்பா தூங்கும்போதெல்லாம் போய் ஆட்டினேன். சோறு வடித்துவிட்டு ஆட்டினேன். துணி காயப்போடப் போகும்போது ஆட்டினேன். கோபம் வந்தபோதும் மெல்லத்தான் ஆட்டினேன். "இன்னாமா, அதுக்கும் தாலாட்டா?" என்று மாமா கேலி பண்ணினார். ஒரு மத்தியானம் உள்ளே களுக்கென்று ஒரு சத்தம். சக்கரம் என் கையோடு வந்தது.

அதன் பிறகு அவர் பிரித்துச் சுத்தம் செய்தார். பால் கலந்த டீ மாதிரி வந்த ஆயிலை, தெளிகிறவரை மாற்றிக்கொண்டே இருந்தார். நேற்று ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தபோது அவர் டீசல் குழாயைப் பிடித்துக்கொண்டார். ஹேண்டிலைச் சுற்றியது நான். இரண்டு தடவை உறுமிவிட்டு நின்றது. அடுத்த தடவை ஓட ஆரம்பித்தது. கரும்புகையில் பாப்பா வீறிட்டு அழுதாள். அவர் கை பாப்பாவிடம் போகவில்லை, போனுக்குப் போனது.

நீங்கள் அழுததை ஸ்பீக்கரில் கேட்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் ஆறிய பிறகு, "யாருப்பா ஹேண்டில் சுத்தினது?" என்று கேட்டீர்கள். "வீட்ல" என்றார். அவ்வளவுதான். நீங்களும் வேறு கேட்கவில்லை. குப்பத்தில் இன்னும் எத்தனையோ எஞ்சின் முழுகிக் கிடக்கிறது, கரையில் ஷெட் இருக்கிறது, வந்து இங்கேயே பட்டறை போட்டுவிடேன் என்றீர்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

எஞ்சினைப் பொருத்த அவரும் வண்டியில் வருகிறார், அவர் பையில் ஸ்பேனர் செட்டோடு சட்டைகளும் இருக்கின்றன. எத்தனை நாள் என்று கேட்டால், "பாக்கலாம்மா" என்கிறார். அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. படகு கரையில் கிடந்தால் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பது தெரியாதவள் இல்லை நான்.

முதல் தடவை கடலுக்குப் போய் வந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க நின்றிருந்தால் காலையில் அடம் பிடிக்கும், ஹேண்டிலைப் பாதி சுற்று பின்னால் கொடுத்துவிட்டுச் சுற்றுங்கள், எடுத்துக்கொள்ளும். இன்று காலை அவர் வெளியே போயிருந்தபோது நான் தனியாகச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தது இது, அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். இனி அதற்கு ஏதாவது என்றால் என்னைக் கேளுங்கள்.

கரையில் பட்டறை என்று நீங்கள் சொன்னது விளையாட்டுக்கா, நிஜமாகவா? நிஜம் என்றால் அதில் நானும் பாப்பாவும் எங்கே? அவரிடம் கேட்டால் பதில் வராது. உங்களிடம்தான் கேட்க முடிகிறது. உங்கள் படகு நல்லபடியாகப் போய், போட்ட வலை நிறைந்து திரும்பி வரட்டும். அதே மாதிரி இங்கேயிருந்து வருகிறவரும் திரும்பி வரட்டும்.

ஹேண்டில் சுற்றியது யார் என்று கேட்டீர்களே, பெயர் கீழே இருக்கிறது. பதிலை அந்தப் பெயருக்கே போடுங்கள். சீக்கிரம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஏலவார்குழலி