கழுத்து வரை நிரப்பிய பாட்டில்கள்

அறைக்குள்ளிருக்கும் மகாராணிக்கு,

மருந்துக் கடைக்குப் போய் வருகிறேன். சாப்பாடு உன் கதவுக்கு வெளியே ஸ்டூலில் இருக்கிறது, ஆறுவதற்குள் எடுத்துக்கொள்.

காய்ச்சல் விட்டும், எனக்குத் தொற்றிவிடக் கூடாதென்று தனியாகக் கிடப்பவள் நீ; நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். தோள் பயிற்சிக்கு நீ தூக்கும் இரண்டு பாட்டில்களிலும் பாதித் தண்ணீர் மட்டும் ஊற்றித் தந்தது அவ்வளவு பெரிய குற்றமா? "என்னைக் கிழவின்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று கதவு அதிரக் கத்தினாயே!

இன்று இரண்டையும் கழுத்து வரை நிரப்பிவிட்டேன். தூக்கிப் பார்த்தேன், எனக்குத்தான் தோள் பிடித்துக்கொண்டது. சிரிக்காதே.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையும் விடாதே.

பி.கு.: நாளை கதவைத் திறந்ததும், என் கையைப் பிடிக்காமல் எழுந்து காட்டுவதாகச் சபதம் போட்டிருக்கிறாய். காட்டு, கைதட்டுகிறேன். அப்புறம் ஒரு தடவை சும்மா பிடித்துக்கொள். எனக்குப் பழகிவிட்டது.