ஓனருக்கு வந்த மூணு கவர்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்கப் போறதில்ல. என் மகளோட எட்டு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன்கிட்ட அதை எப்படிக் கேக்கறது? போன்ல பேசலாம்னா நீங்க கத்தறீங்க, எனக்குக் காது கேக்கல, நானும் கத்தறேன். மாடி வீட்டுக்காரங்க சண்டைன்னு நெனச்சு எட்டிப் பாக்கறாங்க. நமக்குக் கடுதாசிதான் மரியாதை.

ஒரு சேதி. கார் கம்பெனிக்காரன் லெட்டர் போட்டிருக்கான். உங்களுக்கு இல்ல, எனக்கு. கவர் மேல என் பேரு, முன்னால 'உயர்திரு'. நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், டிப்போவுல ஒருத்தன் என்னை உயர்திருன்னு கூப்பிட்டதில்ல. வண்டி உங்க வாசல்ல நின்னாலும் ஓனர் யாருன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா.

நீங்க அனுப்பின பேர் மாத்தற ஃபாரம் மேசை மேலதான் கெடக்கு. மூணு வருஷமா கையெழுத்துப் போட நல்ல நாளே அமையல. வண்டியைக் குடுத்தேன், பேரைக் குடுக்க மனசு வரல. நீங்க ஆபீஸ்ல 'மாமனார் வண்டி'ன்னு சொல்லிக்கிறது எனக்கு ஒரு தனி சந்தோஷம், அதை ஏன் நானே கெடுத்துக்கணும்?

லெட்டர்ல என்ன இருக்குன்னு கேக்காதீங்க. அது ஓனர் விவகாரம்.

என் வாலுப் பொண்ணுகிட்ட சொல்லுங்க, எந்நேரமும் கிளச்சு மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்ட வேண்டாம்னு.

இப்படிக்கு,
ஓனர்


பிப்ரவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கடிதத்தை உங்க மகள்தான் பிரிச்சுச் சத்தமாப் படிச்சா. படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கல. "சர்வீஸுக்கு வாங்கன்னு ஏதோ அட்டை அனுப்பியிருப்பான், அதுக்கு எங்கப்பா ஆடற ஆட்டத்தைப் பாரு"ங்கிறா. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

வண்டியை இப்ப அவதான் எடுத்துக்கிட்டுப் போறா. அவ வேலை பாக்கற ரத்தப் பரிசோதனை நிலையத்துல காலை ஆறரைக்கெல்லாம் ஆள் வந்து வரிசையில நிக்கறாங்களாம். எனக்கு ரயில் இருக்கு, அதனால ஓனர் நானும் இல்ல, நீங்களும் இல்ல. அவதான்.

ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க மாமா. இன்சூரன்ஸ்காரர் வருஷா வருஷம் என்னைத் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறார். கவர்ல அவசரமா ஏதாவது இருந்தா மட்டும் எழுதுங்க.

மார்ச் இருபத்தி நாலாம் தேதி ரெண்டு பேரும் வரோம். நாலு நாள் லீவு.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

ரெண்டாவது கவரும் வந்துடுச்சு. எனக்கு இருக்கற மவுசைப் பாத்தீங்களா. பொடி எழுத்து, என் கண்ணுக்குத் தெரியல, தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் படிச்சுச் சொன்னார். அந்த மனுஷன் பயந்த சுபாவம். தும்மினாலே மூணு மாத்திரை எடுத்து நீட்டறவர்.

அவசரமான்னு கேட்டீங்க. அவசரம்னா சொல்ல மாட்டேனா? நீங்க எத்தனை நைஸா கேட்டாலும் வாய் தெறக்க மாட்டேன். இருபத்தி நாலாம் தேதி வரீங்க இல்ல, வாசல்ல நின்னு "ஓனரய்யா, உள்ள வரலாமா"ன்னு கேளுங்க. அப்ப கவர் கைக்கு வரும். ஃபாரத்தைப் பத்தி அன்னிக்கு இருக்கற மூடைப் பாத்து யோசிப்பேன்.

உங்களுக்கு முன் அறையை ஒழிச்சுப் பெருக்கி வெச்சிருக்கேன். என் வாலுக்கு ஜன்னலோரப் படுக்கை. உங்களுக்குச் சுவரோரம். சண்டை போட்டா உங்களுக்கு நடைபாதைதான், இப்பவே சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
ஓனர்தான்


ஏப்ரல் 4

மாமா,

அவளைத் தகனம் பண்ணி எல்லாம் முடிஞ்சு நீங்க ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகுது. சாப்பிடறீங்களா, தூங்கறீங்களான்னு கேக்கக்கூட எனக்குத் தெம்பில்ல.

நேத்து வண்டியைப் பரிசோதிச்ச அதிகாரி வந்தார். அன்னைக்குச் சிக்னல்ல முன்னால நின்ன வேன் மேல உங்க மக போய் இடிச்சப்ப பெரிய வேகம் ஒண்ணும் இல்லையாம். முன் விளக்கு ஒண்ணுதான் உடைஞ்சிருக்கு. வேன்காரர் இறங்கித் திட்டத்தான் வந்திருக்கார். ஸ்டியரிங்குல இருக்கற ஏர்பேக், அந்தக் காத்துப்பை, வெடிச்சுத் திறந்தப்ப அதோட இரும்புக் கூடும் சிதறி, ஒரு துண்டு அவ கழுத்துல பாஞ்சிருக்கு. பை சரியா இருந்திருந்தா இறங்கி வேன்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேலைக்குப் போயிருப்பாளாம். அவர் அப்படித்தான் சொன்னார்.

அப்புறம் ஒண்ணு சொன்னார். இந்தப் பையை மாத்தற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க ஓனருக்கு மூணு தரம் எழுதியிருக்காங்களாம்.

அந்தக் கவர்ல என்ன இருந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? மருந்துக்கடைக்காரர் சரியாப் படிச்சுச் சொல்லலியா? உங்களுக்குப் புரியலியா? தெரியும், தெரியாது, ஏதோ ஒண்ணு எழுதுங்க. எனக்கு அது வேணும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசியையும் மருந்துக்கடைக்காரர்கிட்டதான் குடுத்தேன், கண்ணுல தண்ணி நின்னு எழுத்து தெரியல. படிச்சுட்டு அவர் சொன்னார், "பெரியவரே, தெரியாதுன்னு எழுதிடுங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கறேன்." நல்ல மனுஷன். எனக்குப் பேனா ஓடல.

தெரியும் மாப்பிள்ளை.

முதல் கவர் வந்த அன்னிக்கே அவர் வரி வரியாப் படிச்சார். காத்துப்பை கெட்டுப்போயிருக்கு, இடிச்சா இரும்பு தெறிக்கும், காசு வாங்காம மாத்தித் தரோம், அதுவரைக்கும் ஓட்டாதீங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் ஓட்டின பஸ்ஸுக்குக் கதவே கெடையாது, கயிறு கட்டித்தான் ஓட்டினேன். உசிரைக் காப்பாத்த வெச்ச பை உசிரை எடுக்குமாய்யான்னு அவரைக் கேலி பண்ணினேன். நேர்ல வரப்போ உங்களை நாலு கெஞ்சு கெஞ்ச விட்டுட்டுக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சேன்.

மூணாவது கவர்ல எல்லாம் செவப்பு எழுத்து. அவர் என் கையைப் பிடிச்சு, "இப்பவே பொண்ணுக்குப் போன் போடுங்க"ன்னார். போட்டேன். இது உங்களுக்குத் தெரியாது. சொல்லணும்னுதான் போட்டேன். அவ எடுத்த எடுப்புல, "சொல்லுங்க ஓனரய்யா, கவர்ல என்னய்யா இருக்கு"ன்னா. அன்னிக்கு என்னவோ அவ பேசினது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. எனக்குக் குஷி வந்துடுச்சு. "வா, வந்து கேளு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அஞ்சாறு நாள்ல வரப்போறா, அதுக்குள்ள என்ன ஆயிடும்னு. மறுநாள் காலையில உங்க போன் வந்துச்சு.

அங்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். நீங்க என் கையை விடாம புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. சொன்னா விட்டுடுவீங்கன்னு பயம்.

வேற சொல்ல ஒண்ணும் இல்ல. திட்டி எழுதுங்க, எவ்வளவு வேணா திட்டுங்க. எழுதாம மட்டும் இருந்துடாதீங்க. எனக்குன்னு இனிமே நீங்க ஒருத்தர்தான்.

மாமனார்


மே 3

மாமாவுக்கு,

மூணு வாரமா உங்க கடிதத்தைச் சட்டைப் பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன்.

தெரியாதுன்னு எழுதுவீங்கன்னு நெனச்சேன். எழுதியிருந்தா நம்பியிருப்பேன். நம்பறதுக்குத்தான் கேட்டேன். அதுக்கு அப்புறம் உங்களைத் தனியா விடக்கூடாதுன்னு, பதில் வரதுக்கு முன்னாலயே பின் அறையைக் காலி பண்ணி உங்களுக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன்.

ஆயுசு முழுக்க எத்தனை கதை அளந்திருப்பீங்க மாமா. அதையெல்லாம் நாங்க நம்பற மாதிரி நடிச்சோம். இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கலாம்.

கவர்ல என்ன இருக்குன்னு நானும் இன்னொரு தரம் அழுத்திக் கேட்டிருக்கணும். கேக்கல, சிரிச்சேன். அதுக்கு நான் என்னைத்தான் கேட்டுக்கணும். ஆனா உங்களோட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு அதைக் கேட்டுக்க என்னால முடியாது. உங்களைத் திட்டவும் வரல. திட்ட ஆரம்பிச்சா அவ உங்களுக்குப் பரிஞ்சுக்கிட்டு வருவா.

அவ சின்ன வயசுப் படங்களை ஒரு பெட்டியில போட்டு அனுப்பியிருக்கேன். வந்து சேர்ந்துதான்னு எழுத வேண்டாம், கூரியர்காரங்களே எனக்குச் சொல்லிடுவாங்க. கண்ணை யாராவது டாக்டர்கிட்ட காட்டுங்க.

கட்டிலை இன்னைக்குக் கழட்டி வெச்சேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவன்